உறவினர் எவரும் இல்லை

பல்கலைக்கழகத்தில் படிப்பதற்குப் புள்ளி கிடையாது என்பது பவனேஷுக்கு இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தெரிய வந்தது.

அதுவரை அவன் படித்துக்கொண்டிருந்தான். விரிவுரைக்குப் போனான், நூலகத்தில் உட்கார்ந்தான், தேர்வு எழுதினான், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். இப்படிப் பொறுப்பில்லாமல் ஓர் ஆண்டைக் கழித்துவிட்டு, விடுதியில் தொடர்ந்து அறை வேண்டும் என்று வந்து நின்றால் யார்தான் கொடுப்பார்கள்?

மாணவர் மேன்மைப் பிரிவின் கவுண்டரில் இருந்த அதிகாரி அவனுடைய விவரங்களைக் கணினியில் பார்த்தார். பிறகு சாவு வீட்டில் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டார்.

"ஈடுபாட்டுப் புள்ளி ரொம்பக் குறைவாக இருக்கிறதே. போன வருஷம் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"படித்தேன்."

"அது இருக்கட்டும். உருப்படியாக?"

அவர் பொறுமையாக விளக்கினார். விடுதி அறை என்பது பல்கலைக்கழக வாழ்வில் ஈடுபடும் மாணவர்களுக்கு. ஈடுபாடு என்றால் நிகழ்ச்சிகளுக்கு வருவது. வந்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் கட்டில். பாடத்தில் மூழ்கிக் கிடப்பவர்களால் மண்டபங்கள் காலியாகின்றன, காலி மண்டபத்தில் பெரிய மனிதர்கள் பேசினால் எதிரொலி கேட்கிறது. இந்தப் பருவம் முடிவதற்குள் புள்ளி சேர்க்காவிட்டால் அவன் வெளியே அறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியே அறை என்பது பவனேஷின் வீட்டு வருமானத்துக்கு நிலாவில் அறை எடுப்பது போல. அவனுடைய வீடு கோலசிலாங்கூர் பக்கம் ஹாப்டன் தோட்டத்தில் மிச்சமிருக்கும் கடைசி லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றாக, இருந்தது. அப்பா இறந்து நாளாகிறது. அம்மா அமராவதி காலையில் சிம்பாங்கில், அதுதான் முச்சந்தியில், மேசை போட்டு, தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலுமாக, நாசி லெமாக் விற்றாள். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மோட்டார் சைக்கிளில் தினமும் போய் வருவதற்குள் பட்டம் வருமோ உயிர் போகுமோ சொல்ல முடியாது. கட்டில் இல்லையென்றால் படிப்பு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஆகவே பவனேஷ் படிப்பை நிறுத்திவிட்டு ஈடுபடத் தொடங்கினான்.

நூலகத்தின் புதிய நகல் இயந்திரத் திறப்பு விழாவுக்குப் போனான். மறுவாரம் பழைய நகல் இயந்திரத்துக்குப் பிரியாவிடை என்றார்கள், அதற்கும் போனான். பிரமுகர் வருகைக்கு முந்திய நாள் கைதட்டல் ஒத்திகை நடந்தது. எந்த வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் தட்டுவது என்று கற்றுக்கொண்டான். முதியோர் தினத்தன்று முதியோர் போதவில்லை. பின்வரிசையில் அவனை உட்காரவைத்து, குனிந்திருக்கச் சொன்னார்கள்.

நேர நிர்வாகக் கருத்தரங்கில் சிறப்புப் பேச்சாளர் மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தார். அன்று மண்ணியல் தேர்வு. பவனேஷ் அதைத் தவறவிட்டான். மறுநாள் விரிவுரையாளர், "தம்பி, நீங்கள் நேரத்தை நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றபோது, கற்றுக்கொண்டதற்கான சான்றிதழை எடுத்துக் காட்டினான்.

இவ்வளவுக்குப் பிறகும் புள்ளி போதவில்லை. அப்போதுதான் டாக்டர் சிவானந்தம் அவனைத் தம் அறைக்கு அழைத்தார்.

சிவானந்தம் மேன்மைப் பிரிவின் துணை இயக்குநர். தமிழ் மாணவர்களிடம் தமிழில்தான் பேசுவார். ஆனால் எதிரே இருப்பது மனிதனல்ல, ஒலிபெருக்கி என்பது போலப் பேசுவார்.

"பவனேஷ், நமது பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் ஏறியாக வேண்டும். ஆராய்ச்சியில் ஏறுவது கடினம். அதற்கு ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே சமூகத் தாக்கத்தின் வழியாக ஏறலாம் என்று மேலிடம் தீர்மானித்துள்ளது. அதற்கு ஏழைகள் தேவை."

"சரி சார்."

"நல்ல ஏழைகள் இப்போது எங்கே கிடைக்கிறார்கள்? அம்பாங் பெச்சாவுக்குப் போனோம், அங்கே வேறொரு பல்கலைக்கழகம் முன்பே பேனர் கட்டிவிட்டது. ராசாவில் ஒரே குடும்பத்தைத் தத்தெடுக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் போட்டி போடுகின்றன. சுங்கை புரோங்கில் ஒரு நெல் விவசாயியைப் பார்க்கப் போனோம். அவர் எங்களுக்கு விருந்து வைத்து, ஆளுக்கு ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தனுப்பினார். பெருத்த அவமானம்."

"எங்க தோட்டம் இருக்கு சார்" என்றான் பவனேஷ்.

வாய் தவறிச் சொல்லிவிட்டதாகப் பின்னால் அவன் தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்தான். வாய் தவறவில்லை. ஏழைகளைக் கண்டுபிடித்துத் தரும் மாணவனுக்குப் புள்ளி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சொன்னான்.

சிவானந்தத்தின் முகம் மலர்ந்தது. அங்கேயே அவனை ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் ஆக்கினார். செயலாளர் பதவி ஒன்றே ஒரு கட்டிலுக்குப் போதும்.

"ஒரே ஒரு சம்பிரதாயம். செயலாளருக்குப் பயன்பெறுவோரில் உறவினர் எவரும் இருக்கக் கூடாது. நேர்மைப் பிரிவினர் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். அந்தத் தோட்டத்தில் உங்களுக்கு உறவினர் உண்டா?"

"அம்மா இருக்காங்க சார்."

சிவானந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் இன்னும் கேட்கவே இல்லை. இப்போதுதான் கேட்கிறேன். உறவினர் உண்டா?"

பவனேஷ் தரையைப் பார்த்தான். விலையுயர்ந்த கம்பளம்.

"இல்ல சார்."

"பார்த்தீர்களா, நேர்மை எவ்வளவு எளிது!"

அந்த வார இறுதியில் பவனேஷ் வீட்டுக்குப் போனான். அமராவதி கீழே உட்கார்ந்து மறுநாள் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு பிரேமலா அத்தையும் கூட உட்கார்ந்திருந்தாள். ரவாங்கில் தொழிற்சாலை வேலை அவளுக்கு. வாய் நீளம், மனசு அகலம் என்று லயத்தில் சொல்வார்கள். பவனேஷ் சுற்றி வளைத்து, இருமி, தண்ணீர் குடித்து, ஒருவழியாக விஷயத்தைச் சொன்னான்.

அமராவதி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நா யாரு?"

"நீங்க... பயன்பெறுவோர்மா."

"ஒங்கம்மா இல்லையா?"

"அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்லாம்மா."

பிரேமலா விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணம் ஆனதும் எல்லாப் பையனும் பண்றதுதானலா அமரு. ஒம் பையன் கொஞ்சம் அட்வான்சா பண்றான்."

"சும்மா இருங்க அத்த. ரூல்ஸ் அப்பிடி."

"ரூம்பு கெடைக்குமா?" என்றாள் அமராவதி.

"கண்டிப்பா கெடைக்கும்மா."

"அப்பச் சரி." அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். "ஒன்ன என்னான்னு கூப்புடறது? சாரா?"

"சார்னா ஓகேதான்."

"பெத்ததுலேருந்து கழுத, எருமன்னுதான் கூப்ட்டுருக்கேன். சார்னு நாக்கு வருதா பாப்போம்." அவள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகுவது போலப் பாவனை செய்து, உடம்பைக் குறுக்கினாள். "சார், சோறு போடட்டுங்களா சார்? கோழி இருக்குங்க சார்."

பிரேமலா தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பவனேஷும் சிரித்தான். அன்று மூன்று பேரும் அதை வெறும் வேடிக்கை என்றே நினைத்தார்கள். அவன் மட்டும் சாப்பிட்டு முடித்த பிறகு நினைவாக ஒன்றைச் சொன்னான்:

"அப்புறம்மா, அன்னிக்கு எனக்குன்னு தனியா சாப்பாடு கீப்பாடு குடுத்துராதீங்க. பயன்பெறுவோர்கிட்ட தனியா எதும் வாங்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுவா இருந்தாத்தான் வாங்கலாம்."

"அதுவும் ரூல்ஸா?"

"ஆமாம்மா."

அமராவதி அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

நிகழ்ச்சிக்கு முன்பாக சிவானந்தம் ஒரு புகைப்படக்காரரோடு லயத்தைப் பார்வையிட வந்தார். வந்த நிமிடத்திலிருந்தே அவருக்கு ஏமாற்றம். கூரைகளில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டுகள். பிரேமலாவின் வீட்டு முன்னால் ஒரு பழைய மைவி கார். அமராவதியின் கொல்லையில் துணி துவைக்கும் இயந்திரம். பைப்பைத் திறந்து பார்த்தார், தண்ணீர் கொட்டியது. விடுதியில் தண்ணீர் இப்படி வருவதில்லையே என்று பவனேஷ் நினைத்துக்கொண்டான்.

"ஏழ்மை தென்படவில்லையே தம்பி."

"உள்ள இருக்கு சார். வெளிய தெரியாது."

"உள்ளே இருப்பதைப் புகைப்படம் எடுக்க இயலாதே."

ஆகவே காரைச் செம்பனை மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவாயிற்று. துவைக்கும் இயந்திரத்தின் மேல் கித்தான் போடவும், பெண்கள் கைலி கட்டிக்கொள்ளவும் சொன்னார்கள். பிரேமலா கடைசியாகக் கைலி கட்டியது பள்ளிக்கூட நாடகத்தில்.

அவள் நேராக சிவானந்தத்திடம் போனாள். "சார், நாங்க கைலி கட்டிக்கிறோம். தோட்ட நிர்வாகம் லயத்த காலி பண்ணச் சொல்லிருச்சு. போறதுக்கு எடமில்ல. யூனிவர்சிட்டில பெரிய பெரிய ஆளுங்க இருக்கீங்க. அத பத்தி யாருகிட்டயாச்சும் பேசுவீங்களா?"

சிவானந்தம் மிகுந்த பரிவோடு தலையசைத்தார்.

"வீட்டுப் பிரச்சினை அடுத்த கட்டம், சகோதரி. முதலில் கை கழுவுவோம்."

ஏனென்றால் நிகழ்ச்சியின் பெயர் 'தூய கரம், உயர் வாழ்வு'. தோட்ட மக்களுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுப்பது.

அந்தச் சனிக்கிழமை வந்தது. பேருந்துகள் வந்தன, கூடாரம் வந்தது, குளிர்சாதன விசிறிகள் வந்தன, அவற்றுக்கு ஜெனரேட்டர் வந்தது. ரிப்பன் கட்டிய கைகழுவும் தொட்டி ஒன்றை லோரியிலிருந்து இறக்கி, அமராவதியின் வீட்டுப் பைப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். அதன் தண்ணீர்த் தாங்கியை நிரப்ப எவருக்கும் நினைவில்லை. அமராவதியின் பைப்பிலிருந்து மாணவர்கள் வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார்கள்.

துணைவேந்தர் மலாயில் உரையாற்றினார். லயத்து மக்கள் எல்லோரும் மலாயில் பேரம் பேசி, சண்டை போட்டு, கடன் சொல்லி வளர்ந்தவர்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்ததால், ஒவ்வொரு வாக்கியத்தையும் சிவானந்தம் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அவர்கள் ஒன்றும் புரியாதது போல உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

"நான் ஏழைகளை நேசிப்பவன்" என்றார் துணைவேந்தர். "என் அறைக்கு வந்து பாருங்கள். சுவர் முழுக்க அவர்களுடன் நான் நிற்கும் படங்கள்தாம்."

கைதட்டல்.

"பல்கலைக்கழகம் சமூகத்தைத் தேடிப் போக வேண்டும். ஏனென்றால் சமூகம் பல்கலைக்கழகத்தைத் தேடி வந்தால் அங்கே இடம் போதாது."

நீண்ட கைதட்டல். ஒத்திகை வீண்போகவில்லை.

"மாணவர்களே, விடுமுறை நாளில் நீங்கள் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கலாம். அந்த நிலையிலிருந்து உங்களை மீட்டுக் கொண்டுவந்த மேன்மைப் பிரிவைப் பாராட்டுகிறேன்."

பிறகு செய்முறை விளக்கம். பயன்பெறுவோர் ஒருவரின் கைகளைச் செயலாளர் கழுவிக் காட்ட வேண்டும். யாரை அழைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்த புகைப்படக்காரர், முகம் எடுப்பாக இருக்கிறது என்று அமராவதியைச் சுட்டிக் காட்டினார். அவள் எழுந்து வந்தாள்.

பவனேஷ் அவள் கைகளைப் பிடித்தான். விரல் இடுக்குகளில் வெங்காய மணம். அந்த மணம் எந்தச் சோப்புக்கும் போகாது என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் என்றால் அந்தக் கைதான் நெற்றிக்கு வரும். கேமரா நெருங்கியது.

"இப்பிடியா சார்?" என்றாள் அமராவதி.

வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அம்மா என்று அழைக்கலாம். ஊரெல்லாம் அழைக்கிறது. மார்க்கெட்டில் மீன் விற்பவளுக்கும் அம்மா, பஸ்ஸில் இடம் கேட்பவளுக்கும் அம்மா. அவன் அப்படி அழைத்திருந்தால் நேர்மைப் பிரிவே வந்திருந்தாலும் ஒரு குற்றமும் கண்டிருக்காது.

"நல்லாத் தேய்ங்க ஆன்ட்டி" என்றான்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு நன்றாகத் தேய்த்தாள்.

துணைவேந்தருக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. மேடையிலிருந்து இறங்கி வந்து, பிள்ளைகள் உண்டா என்று மலாயில் கேட்டார். சிவானந்தம் உடனே குரலெடுத்தார். "தாயே, தங்களுக்கு மக்கட்செல்வம் உண்டோ என்று துணைவேந்தர் வினவுகிறார்."

"ஒரு மவன்."

"அவன் என்ன செய்கிறான்?"

"யூனிவர்சிட்டில படிக்கிறான்."

சிவானந்தத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பவனேஷின் கையில் இருந்த சோப்பு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. சிவானந்தம் துணைவேந்தரின் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: "தம் மகனும் ஒருநாள் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று இந்தத் தாய் கனவு காண்கிறார்."

துணைவேந்தர் நெகிழ்ந்துபோனார். பவனேஷின் தோளில் கைபோட்டு அவனைக் கேமராவுக்கு நேராகத் திருப்பினார். "உங்கள் மகனிடம் சொல்லுங்கள், இந்த இளைஞனைப் போல வர வேண்டும் என்று!"

சிவானந்தம் அதைத் தமிழாக்க வாய் திறப்பதற்குள் அமராவதி பவனேஷை உச்சியிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பேட்ஜ், டை, பளபளத்த சப்பாத்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இவுங்கள மாதிரியா?" என்றாள். "எதுக்குங்க? எம் மவன் நல்ல பையன்."

"மிக்க நன்றி என்கிறார்" என்று மொழிபெயர்த்தார் சிவானந்தம்.

கைதட்டல்.

பயன்பெறுவோருக்குச் சோப்பும், தொப்பியும், தலைமைத்துவம் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகமும் அடங்கிய பைகள் கொடுக்கப்பட்டன. துணைவேந்தரின் கார் போயிற்று. தொட்டியை மறுபடி லோரியில் ஏற்றினார்கள். அடுத்த வாரம் அதற்கு வேறோர் ஊரில் திறப்பு விழா இருந்தது.

மாணவர்கள் பேருந்தை நோக்கி நகர்ந்தபோது பிரேமலா கைதட்டிக் கூப்பிட்டாள். "பிள்ளைங்களா, யாரும் பசியோட போவாதீங்க!"

அமராவதி சிம்பாங் மேசையை வாசலில் போட்டிருந்தாள். மேசை முழுக்க நாசி லெமாக் பொட்டலங்கள். விடியுமுன் எழுந்து, வந்த அத்தனை பேருக்கும் கட்டியிருந்தாள். சிவானந்தம் தயங்கினார்.

"எல்லாருக்கும் பொதுவாத்தான் சார்" என்றாள் அமராவதி. "பொதுவா இருந்தா வாங்கலாமாம். ரூல்ஸ் தெரிஞ்சவங்க சொன்னாங்க."

சிவானந்தம் முதல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். செயலாளர் என்பதால் பவனேஷ் எல்லோரையும் முன்னால் விட்டுக் கடைசியில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற ஷர்மினி, அவனோடு மண்ணியல் படிப்பவள், கடைசிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். மேசை காலியாக இருந்தது.

அமராவதி ஈரத் துணியால் மேசையைத் துடைத்தாள்.

"தீந்துருச்சுங்க சார்."

அவன் நின்றான்.

"எம் மவனுக்கு மட்டும் ஒன்னு வீட்டுக்குள்ள எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள், மேசையைத் துடைத்தபடியே. "பொரிச்ச கோழி வெச்சது. அவன் வந்தா எடுத்துக்குவான்."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சாப்பாட்டு மேசை தெரிந்தது. ஒரு பீங்கான் தட்டு, அதற்கு மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. நாலு எட்டு வைத்தால் போதும்.

"செயலாளர்!" என்று பேருந்துப் படியிலிருந்து சிவானந்தம் அழைத்தார். வாயில் சோறு இருந்ததால் குரலில் வழக்கமான கம்பீரம் இல்லை. "ஆள் எண்ண வேண்டும், வாருங்கள்!"

பவனேஷ் வாசலைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இடையில் பிரேமலா அத்தை நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"நன்றிங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவன் போய்ப் பேருந்தில் ஏறினான்.

பேருந்து செம்பனைகளுக்கு இடையே குலுங்கிக்கொண்டு வெளியேறியது. பெரிய சாலைக்கு வந்ததும் அவனுடைய கைப்பேசியில் தகவல் வந்தது. மேன்மைப் பிரிவின் வாழ்த்து. புள்ளிகள் சேர்க்கப்பட்டுவிட்டன. அறை ஒதுக்கப்பட்டுவிட்டது, ஜன்னல் ஓரக் கட்டில். படிப்பு முடியும்வரை அது அவனுடையது, இனி எவரும் எதையும் விசாரிக்கப் போவதில்லை. முன்னிருக்கையில் சிவானந்தம் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஷர்மினி பொட்டலத்தைப் பிரித்தாள். வாழையிலையும் சம்பலும் மணக்க, பேருந்தே ஒரு வீடு போல ஆயிற்று.

"நீ சாப்புடலையா? இந்தா, பாதி எடுத்துக்க."

"வேணாம். பசிக்கல."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்து, கண்ணை மூடித் திறந்தாள். "யோவ், செம சம்பல்லா. அந்த ஆன்ட்டி ஒன்ன ஒரு மாதிரி பாத்துக்கிட்டே இருந்தாங்க. முன்னமே தெரியுமா ஒனக்கு?"

சிவானந்தத்தின் குறட்டை கேட்டது. புள்ளி வந்துவிட்டது, கட்டில் வந்துவிட்டது. பொய் சொல்ல இப்போது எந்தக் காரணமும் இல்லை.

"தெரியாது" என்றான் பவனேஷ்.